மண்ணை மீட்கும் நுண்ணுயிர்கள்

குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், வள்ளியாறு கடலோடு கலக்குமிடத்தை அடுத்து அமைந்த ஊர் மணவாளக்குறிச்சி. இவ்வூரை உலகறியச் செய்தது கயிறு. இப்பகுதியிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், தோரியம் அடங்கிய மோனசைட் இருப்பதை 1909-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் கண்டறிந்தார். அதன்பின் இங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. இன்று அத்தொழிலை நடத்துவது மத்திய அரசின் இந்திய அருமணல் நிறுவனம்.

அந்தக் கயிறும் நுண்ணுயிர்கள் தந்த கொடையே. கதம்பை எனப்படும் தேங்காய் மட்டையைப் பல மாதங்கள் உப்பங்கழியில் ஊறவைக்கின்றனர். நாரைப் பிணைத்திருக்கும் பசைப்பொருளைப் பாக்டீரியாக்கள் தின்று தீர்க்க, நார் தனியே பிரிகிறது. மட்டையை மென்மையாக்கும் இவ்வுயிர்களின் இனத்தார், மண்ணில் கலந்த நஞ்சையும் தின்பார்களா? தின்பார்கள் என்பதே அறிவியல் தரும் விடை. மாசுபட்ட மண்ணையும் நிலத்தடி நீரையும் உயிரினங்களால் தூய்மைப்படுத்தும் முறைக்கு ‘உயிரியல் தூய்மையாக்கம்’ என்று பெயர்.

எண்ணெயை உண்ணும் உயிர்கள்

டீசல், பெட்ரோல் முதலியவை கார்பனும் ஹைட்ரஜனும் இணைந்த சேர்மங்களின் கலவைகள். சில பாக்டீரியாக்களுக்கு அவை உணவு. உண்ட எண்ணெயை அவை கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. இப்பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மண்ணில் முன்பே வாழ்பவையே. ஆயினும், எண்ணெய் மிகுந்த இடத்தில் அவற்றுக்கு உயிர்வளியும், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய ஊட்டங்களும் போதுவதில்லை. அக்குறையை நிரப்புவதே மனிதர் செய்யும் உதவி.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆம்ப்ளர் என்னுமிடத்தில் குழாய் வழியே கசிந்த பெட்ரோல் நிலத்தடி நீரைக் கெடுத்தது. ரிச்சர்டு ரேமண்ட் என்பாரின் குழுவினர் 1972-இல் கிணறுகள் வாயிலாகக் காற்றையும் ஊட்டங்களையும் செலுத்தி, அங்கிருந்த பாக்டீரியாக்களையே பெருகச் செய்தனர். இத்துறையின் முன்னோடி முயற்சி அது.

நம் மாநிலத்திலும் சான்று உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்தை ஒட்டிய கடலில் இரு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெயை மீனவரும் மாணவரும் வாளிகளில் அள்ளியதை நாடே கண்டது. அள்ளிய எண்ணெய்ச் சேற்றை எங்கே கொட்டுவது? துறைமுகப் பகுதியிலேயே அதனை மண்ணோடு சேர்த்து, இந்தியன் ஆயில் ஆய்வு மையம் உருவாக்கிய பாக்டீரியாக் கலவையால் சிதைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது.

உலோகத்தை என் செய்வது?

எண்ணெய் சேர்மங்களின் கலவை, அதனைச் சிதைக்கலாம். உலோகமோ தனிமம், எந்த உயிராலும் அதனைச் சிதைத்து இல்லாமற் செய்ய இயலாது. ஆயினும், அதன் வேதிநிலையை மாற்ற இயலும். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் கரைந்து ஓடுவது, புற்றுநோய் விளைப்பது. சில பாக்டீரியாக்கள் இதனை மூன்று இணைதிறன் நிலைக்கு மாற்ற வல்லவை. அந்நிலையில் அது எளிதில் கரையாது மண்ணிலேயே தங்கிவிடும். நச்சுத்தன்மையும் பெரிதும் குறையும்.

யுரேனியமும் இவ்வாறே. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ரைஃபிள் என்னுமிடத்தில், பழைய யுரேனிய ஆலை இருந்த நிலத்தின் அடியில், 2002 முதல் ஆய்வாளர் அசிட்டேட் கரைசலைச் செலுத்தினர். அதனை உண்டு பெருகிய ஜியோபாக்டர் என்னும் பாக்டீரியாக்கள், நீரில் கரைந்திருந்த யுரேனியத்தைக் கரையாத வடிவுக்கு மாற்றின. ஆனால், உயிர்வளி மீண்டும் புகுந்தால் அது மறுபடியும் கரையக்கூடும். ஆகவே தொடர்ந்த கண்காணிப்பு இன்றியமையாதது. தாவரங்களும் துணைபுரியும்: தெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி ஆர்சனிக்கை மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் இலைகளில் சேர்ப்பதை 2001-இல் அறிவியலார் வெளியிட்டனர். அவ்விலைகளை அறுத்துப் பத்திரமாக அகற்றினால்தான் பணி நிறைவுறும்.

நம் கரைக்கு இதன் பொருள்

மணவாளக்குறிச்சி மணலின் கதிர்வீச்சை நுண்ணுயிர்கள் நீக்குமா? நீக்கா. கதிர்வீச்சு அணுக்கருவில் பிறப்பது. உயிரின் வேதிவினை அணுக்கருவை எட்டுவதில்லை. தோரியம் பாதியாகச் சிதையவே ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். மேலும், தோரியம் இயல்பாகவே நீரில் அரிதாகக் கரைவது; யுரேனியத்திற்குச் செய்த உதவிக்குக்கூட இங்கே பெரிதும் வேலையில்லை. இம்மணல் எவரும் கொட்டிய கழிவும் அன்று. மலைப்பாறைகள் தேய்ந்து, ஆறுகள் சுமந்துவந்து, அலைகள் சலித்துச் சேர்த்த இயற்கைச் செல்வம். அதனை எங்கே, எவ்வளவு தோண்டுவது, எவ்வாறு பாதுகாப்பது என்பன மனிதர் தீர்மானிக்க வேண்டியவை. கிள்ளியூர் வட்டத்துப் புதிய மணல் அகழ்வுத் திட்டத்திற்கு அண்மை ஆண்டுகளில் மக்கள் தெரிவித்துவரும் எதிர்ப்பும் இவ்வினாக்களைப் பற்றியதே. அப்பொறுப்பைப் பாக்டீரியாவின் தலையில் ஏற்றுதல் தகாது.

ஆனால் நம் கரையில் நுண்ணுயிர்களுக்கு வேறு பணி உண்டு. மீன்பிடித் துறைகளில் சிந்தும் டீசல், பணிமனைகளில் கொட்டும் கழிவெண்ணெய், கிணற்றை நோக்கிக் கசியும் சாக்கடை ஆகியன அவற்றால் சிதைக்கத் தக்கவை. மணற்பாங்கான நிலத்தில் காற்று எளிதிற் புகுவதால் அவை நன்கு வேலை செய்யும். அதே மணலில் எண்ணெயும் விரைந்து இறங்கிக் கிணற்றை அடைந்துவிடும், காலந் தாழ்த்தலாகாது.

எந்த நஞ்சு சிதையும், எது உருமாறும், எது இவ்விரண்டுக்கும் இணங்காது என்று பிரித்தறிதலே இத்துறையின் முதற்பாடம். ‘எல்லாவற்றையும் பாக்டீரியா தின்றுவிடும்’ என்பாரையும், ‘எதுவும் செய்ய இயலாது’ என்பாரையும் கேள்வி கேட்கும் அறிவை அப்பாடம் நமக்குத் தருகிறது. கடலோரத்தில் கிணற்றுநீரை நம்பி வாழும் நமக்கு அவ்வறிவு இன்றியமையாதது.