இருமுறை அமுக்கப்படும் காற்று

மிதிவண்டிச் சக்கரத்துக்குக் கைப்பம்பால் வேகமாகக் காற்றடித்துவிட்டு, பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். டர்போ பொருத்திய கார்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்குத் தலைவலி தருவது இந்தச் சூடுதான்.

பெட்ரோல் இயந்திரத்தின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் இயங்குகிறது. பிஸ்டன் கீழே இருக்கும்போது அதற்கு மேலுள்ள இடம் 500 மில்லிலிட்டர் என்றும், உச்சிக்கு வந்ததும் அது 50 மில்லிலிட்டராகச் சுருங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று, பெட்ரோல் கலவை பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கப்படுகிறது. இதையே அமுக்க விகிதம் 10:1 என்கிறோம். இவ்விகிதம் கூடினால், அதே அளவு எரிபொருளிலிருந்து கூடுதல் வேலையைப் பெறலாம்.

டர்போ வேறு வழியில் உதவுகிறது. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உருளைக்குள் திணிக்கிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம்; ஆற்றல் பெருகும்.

அப்படியானால் இரண்டையும் உயர்த்திவிடலாமே என்று தோன்றும். பம்பின் சூடு இங்கேதான் குறுக்கிடுகிறது. டர்போ ஏற்கெனவே அமுக்கிச் சூடாக்கிய காற்றைப் பிஸ்டன் மறுபடியும் அமுக்குகிறது. தீப்பொறி மூட்டிய சுடர் பரவி முடிவதற்குள், ஓரத்தில் எஞ்சியுள்ள கலவை தானாகவே தீப்பற்றிவிடுகிறது. உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி கேட்கும். இத்தட்டல் நீடித்தால் பிஸ்டனில் ஓட்டையே விழக்கூடும்.

1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இரண்டு டர்போ கார்களை வெளியிட்டது. செவ்ரோலே கோர்வேர் காரில் அமுக்க விகிதத்தை 8:1 என்று தாழ்வாக வைத்தனர். இதில் ஒரு குறை உண்டு. மெதுவாகச் செல்லும்போது டர்போ போதிய வேகத்தில் சுழலாது. அவ்வேளையில் தாழ்ந்த விகிதமுள்ள இயந்திரம் சோம்பலாகவே இழுக்கும். ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரை வடிவமைத்தவர்கள் இச்சோம்பலை ஏற்கவில்லை. விகிதத்தை 10.25:1 என்று உயர்வாகவே வைத்தனர். டர்போ கூட்டிய அழுத்தமோ வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதற்கே தட்டல் வரும் என்பதால், நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்துக் கலவையைக் குளிர்வித்தனர்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால், அத்திரவத்தை ஓட்டுநர்தான் அவ்வப்போது ஊற்ற வேண்டும். பலர் மறந்தனர். தொட்டி வற்றியதும் இயந்திரத்தைக் காக்க டர்போவின் அழுத்தம் தானாகக் குறைக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய வேகமும் போயிற்று. 1963-உடன் ஜெட்ஃபயரின் உற்பத்தி நின்றது. டர்போ கோர்வேர் 1966 வரை விற்பனையில் இருந்தது. பொறியாளர்களின் கணக்கு சரியாகவே இருந்தது என்பேன். மனிதரின் மறதியை மட்டும் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

நம் நாட்டுப் புரோட்டோன் நிறுவனமும் தாழ்ந்த விகிதத்தையே தேர்ந்தெடுத்தது. அதன் 1.6 லிட்டர் கேம்ப்ரோ இயந்திரத்தின் விகிதம் 10:1. அதற்கு டர்போ பொருத்தியபோது விகிதத்தை 8.9:1 ஆகக் குறைத்தனர். இன்றோ பல கார்களில் பெட்ரோல் நேரடியாக உருளைக்குள் பீய்ச்சப்படுகிறது. அது ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், டர்போவுடன் 10:1 விகிதமும் சாத்தியமாகியுள்ளது. அதையும் மீறித் தட்டல் எழுந்தால், இயந்திரத்தில் பொருத்திய உணரி அதைக் கண்டறியும். கணினி உடனே தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். ஓட்டுநருக்கு அது தெரிவதுகூட இல்லை.