திருத்தும் உரிமையும் உதிரிப்பாக விலையும்

எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் ஒருநாள் நின்றுவிட்டது. வாங்கிய கம்பனிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "போர்டை மாற்ற வேண்டும் ஹாஜியார். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே எடுக்கலாம்" என்றார்கள். பிறகு தெரிந்த பாஸ் ஒருவர் போர்டில் எரிந்துபோன சிறு பாகத்தை மட்டும் மாற்றித் தந்தார். இன்றும் ஓடுகிறது. வியாபாரிகளான நமக்கு இந்தக் கதை புதிதல்ல; அந்தப் பதிலை நாமே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்!

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்றே 2024 ஜூனில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2026 ஜூலை 31 முதல் அதை அமுல்படுத்த வேண்டும் என்று உறுப்பு நாடுகளுக்குத் தவணை கொடுக்கப்பட்டது. சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, கையடக்கத் தொலைபேசி போன்றவற்றை உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரும் உற்பத்தியாளர் திருத்திக் கொடுக்க வேண்டும். அதற்கு நியாயமான கட்டணம் எடுக்கலாம்.

கடைக்காரர் கவனிக்க வேண்டிய இடம் வேறு. உத்தரவாதக் காலத்துக்குள் வாடிக்கையாளர் புதிது கேட்காமல் திருத்தித் தரச் சொன்னால், விற்றவரின் பொறுப்பு மேலும் 12 மாதம் நீளும். அங்கே கடை வைத்திருப்பவர், சுலபமாகத் திருத்தக்கூடிய சாமானைத்தானே இனித் தேடி எடுப்பார்?

இந்த அவசரத்துக்குக் காரணம் குப்பை. 2022 இல் உலகில் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐ.நா. அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதமே. செம்பும் தங்கமும் அதனோடு மண்ணுக்குப் போகின்றன.

திருத்துபவருக்குப் பெரிய தொல்லை மென்பொருள் பூட்டு. ஒரே மாதிரித் தொலைபேசி இரண்டில், ஒன்றின் அசல் டிஸ்பிளேயைக் கழற்றி மற்றதில் போட்டாலும் சில மொடல்களில் எச்சரிக்கை வரும், சில வசதிகள் வேலை செய்யாது. இப்படித் திருத்த வேலையைத் தடுக்கக்கூடாது என்கிறது சட்டம். ஆனால் புலமைச் சொத்து போன்ற நியாயமான காரணம் இருந்தால் விதிவிலக்கு உண்டாம். கம்பனிச் சட்டத்தரணிகள் நுழையப்போகும் வாசல் அதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்தது விலை. உதிரிப்பாகங்களை, திருத்துவதைக் கைவிடச் செய்யாத நியாயமான விலைக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு நியாயம் என்று தொகையோ வீதமோ இல்லை. பாகம் கிடைக்கிறது, ஆனால் புதுச் சாமானின் பாதி விலை என்றால் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது? பிரான்ஸ் 2021 இல் இதைக் கொஞ்சம் புத்தியாகச் செய்தது. திருத்தும் வசதிக்குப் பத்துக்குப் புள்ளி போட்டு, சாமானின் விலைக்குப் பக்கத்திலேயே காட்ட வைத்தது. உதிரிப்பாக விலையும் அந்தப் புள்ளியில் சேர்ந்தது. கையடக்கத் தொலைபேசிகளுக்கு 2025 ஜூன் 20 முதல் முழு ஒன்றியத்திலும் வேறொரு விதியும் வந்தது: விற்பனை நின்று ஏழு வருடம் வரை முக்கிய பாகங்கள் கிடைக்க வேண்டும், அவற்றின் உத்தேச விலையையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

இந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த விலைப் பட்டியலை இங்கிருந்தும் பார்க்கலாம். அடுத்த முறை ஏஜென்ட் புது மொடல் கொண்டு வரும்போது, டிஸ்பிளே என்ன விலை, பற்றரி என்ன விலை என்று அதை வைத்துக்கொண்டே கேளுங்கள்.