அடக்காதீர்கள்... அவதிப்படாதீர்கள்!

உங்கள் பெண் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகிற தண்ணீர் பாட்டில் சாயந்தரம் காலியாக வருகிறதா, அப்படியே நிறைந்து வருகிறதா? கொஞ்சம் பாருங்கள். தினமும் நிறைந்தே வந்தால் அது மறதியாக இருக்காது. அங்கே இருக்கிற பாத்ரூமுக்குப் போகப் பிடிக்காமல், தண்ணீரே குடிக்காமல் பிள்ளை சமாளிக்கிறாளோ என்னவோ, கேளுங்கள். ஆபீஸ் போகும் பெண்கள் பலர் செய்வதும் இதேதான்.

நீர்க்கடுப்பு என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "காலையில் வயிறு சரியாகப் போகிறதா?" என்றுதான். 'யூரின் பிரச்னைன்னு வந்தா இவர் மோஷனைப் பத்திக் கேட்கிறாரே' என்று சிலர் முழிப்பார்கள்.

காரணம் இருக்கிறது. சித்த மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்கிறது. மலம், சிறுநீர் இரண்டும் அதில் உண்டு. இரண்டையும் கீழே தள்ளுவது அபான வாயு. ஒன்று கெட்டால் மற்றதும் கெடும் என்பது எங்கள் கணக்கு. உடற்கூறும் இதற்கு ஒத்துப் போகிறது. மலக்குடல் இருப்பது சிறுநீர்ப்பைக்குப் பின்னால்தான் (பெண்களுக்கு நடுவில் கருப்பை). மலம் இறுகித் தேங்கினால் பையை அழுத்தும். பை நிறையாமலே அவசரம் வரும். போனாலும் முழுசாகக் காலியாகாது. தேங்கி நிற்கிற நீரில் கிருமி வளரும். அப்புறம் எரிச்சலும் கடுப்பும்தான். ஆறேழு வயதாகியும் படுக்கையை நனைக்கிற பிள்ளையை அடிக்காதீர்கள். பல பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் சரியானாலே இது குறைந்துவிடும்.

பெரியவர்களின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். பகலில் மூன்று, நான்கு மணிக்கு ஒரு தடவை போய்விடுங்கள். அதற்காக, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று அரை மணிக்கு ஒரு தடவை போவதும் தப்பு; பை கொஞ்சத்துக்கே அவசரப்படப் பழகிவிடும்.

காலையில் சூடாக ஏதாவது குடித்ததும் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தை டிபன் பாக்ஸ் கட்டுவதில் கோட்டை விடாதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டா? காலடியில் ஒரு மணை போட்டு முட்டியை உயர்த்திக் கொள்ளுங்கள். கீரை, கொய்யா, வாழைத்தண்டு சேருங்கள். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். (இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவுதான்.) இரவில் அரை ஸ்பூன் திரிபலா சூரணம் வெந்நீரில், சில நாள் போதும். கர்ப்பிணிகள் தாங்களாக எடுக்க வேண்டாம். நிலாவாரை சேர்ந்த பேதிச் சூரணத்தை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உடம்பின் உப்புச்சத்தே குறைந்து போகும்.

தும்மினால், சிரித்தால் சொட்டுகிறதா? பிரசவத்துக்குப் பிறகு இடுப்படித் தசை தளர்வதால் வருவது இது, வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் எழுதிய பயிற்சி நல்ல பலன் தருகிறது. சிறுநீரை நிறுத்துவது போல அந்தத் தசையை ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி விடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை, மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது மட்டும் செய்யாதீர்கள்.

குளிர் ஜுரத்துடன் கடுப்பு, சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம், ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மாறிய மலப்போக்கு என்றால் சூரணம் வேண்டாம், பரிசோதனை செய்யுங்கள். சிறுநீர் அடியோடு நின்றாலோ, முதுகுவலியோடு உட்காரும் இடம் மரத்துப் போனாலோ அன்றைக்கே, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.