நிலவறைச் சாளரக் குழிகள்: எப்பொருளால் அமைப்பது?

2024-ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று தில்லி பழைய ராஜேந்திர நகரில், ஒரு பயிற்சி நிலையத்தின் நிலவறை நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்தது. குடிமைப் பணித் தேர்வுக்குப் பயின்று வந்த மூவர் உயிரிழந்தனர். சேமிப்புக்கும் வாகன நிறுத்தத்துக்கும் என அனுமதி பெற்ற இடம் அது. இவ்விதழைப் படிக்கும் மாணவர்களுள் சிலர் அத்தகைய நிலவறைகளில் அமர்ந்து பயின்றிருப்பர். அலுவலர்களுள் சிலர் அவற்றைத் தணிக்கை செய்யும் பொறுப்பில் இருப்பர். ஆகவே, நிலவறையிலிருந்து வெளியேறும் வழியை விதிமுறையாகவே வகுத்துக்கொண்ட அமெரிக்க நாட்டின் அனுபவத்தை இங்கு ஆராய்வது பொருத்தமாகும்.

அந்நாட்டின் குளிர்ப் பகுதிகளில் நிலவறை ஓர் ஆடம்பரம் அன்று. மண்ணின் ஈரம் உறைந்து விரியும்போது மேலோட்டமான அடித்தளம் தூக்கப்பட்டு, சுவர்கள் வெடித்துவிடும். மினசோட்டா மாநிலத்தின் தென்பகுதியில் சுமார் 107 செ.மீ., வடபகுதியில் சுமார் 152 செ.மீ. ஆழத்துக்குக் கீழேதான் அடித்தளம் இடப்படுகிறது. அவ்வளவு தோண்டிய பின், மேலும் சிறிது தோண்டினால் ஒரு தளமே கிடைத்துவிடும். அத்தளத்தில் மக்கள் உறங்கத் தலைப்பட்டபோதுதான் தீ விபத்தின் அபாயம் பெரிதாயிற்று. படிக்கட்டில் புகை சூழ்ந்தால், அங்கிருப்பவர்க்கு வேறு வழியில்லை.

இதற்கான தீர்வே சாளரக் குழி. நிலமட்டத்துக்குக் கீழுள்ள சாளரத்தின் வெளிப்புறத்தில் மண்ணை அகழ்ந்து, மண் சரியாதபடி தடுப்புச் சுவர் அமைக்கப்படுகிறது. பல மாநிலங்கள் தத்தம் திருத்தங்களுடன் ஏற்றுள்ள சர்வதேச குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின்படி, குழியின் தரைப்பரப்பு 0.84 சதுர மீட்டருக்குக் குறையலாகாது. நீளமும் அகலமும் 91 செ.மீ.க்குக் குறையலாகாது. ஆழம் 112 செ.மீ.க்கு மேற்பட்டால் ஏணியோ படிகளோ நிலையாகப் பொருத்தப்பட வேண்டும். மேலே மூடி இட்டால், அது சாவியோ கருவியோ இன்றி உள்ளிருந்தே திறக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். விதி கூறாமல் விடுவது, சுவர் எப்பொருளால் ஆனது என்பதையே. அது வீட்டுக்காரரின் தேர்வு.

பொருள்களின் இயல்பு

மலிவானது துத்தநாகப் பூச்சிட்ட நெளி இரும்புத் தகடு. அரைவட்டமாக வளைத்து அடித்தளச் சுவரில் திருகாணிகளால் பிணைத்துவிடலாம், இருவர் தூக்கிவிடுவர். அதன் வலிமை தகட்டின் கனத்தில் இல்லை. வளைவிலும் நெளிவிலும் இருக்கிறது. மண்ணை நிரப்பும்போது கனரக இயந்திரத்தை அருகில் ஓட்டினால் வளைவு நசுங்கி, வலிமையும் போய்விடும். பூச்சு ஆழமாகக் கீறுண்ட இடத்தில், காலப்போக்கில் துரு பிடிக்கும்.

வார்ப்புப் பிளாஸ்டிக், கண்ணாடி இழை ஆகியவை துருப்பிடிப்பதில்லை. படிகளையும் சேர்த்தே வார்த்துவிடலாம் என்பது பெரும் வசதி. எனினும் வெயிலைத் தாங்கும் கலவை சேராத பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும்; களிமண்ணின் அழுத்தத்தில் உட்புறமாகப் பிதுங்கவும் கூடும்.

மரம் பார்வைக்கு இனியது. அடுக்கடுக்காக அமைத்துச் செடிகளும் வைப்பர். ஆனால் ஈரமண்ணில் புதையும் மரத்துக்கு மருந்தேற்றுதல் இன்றியமையாதது. ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய மரம் அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளிலிருந்து 2003 இறுதியுடன் விலக்கப்பட்டது. எவ்வளவு பாதுகாத்தாலும் மரத்துக்கு ஆயுள் குறைவே.

கான்கிரீட் உறுதியானது, எடை மிக்கது, ஆள்கூலி கூடுதலாகக் கேட்பது. கம்பியும் நிரப்புக் கலவையும் இன்றி வெறும் கற்கட்டியால் எழுப்பிய சுவரைக் கான்கிரீட் என எண்ணி ஏமாறுவோர் உண்டு. அது சில மழைக்காலங்களில் வயிறு தள்ளிவிடும்.

செலவுக் கணக்கு

விலைப்பட்டியலை மட்டும் நோக்கின் தகடே வெல்லும். ஆனால் அகழ்தல், அடித்தளச் சுவரை அறுத்தல், திறப்பின் மேல் உத்தரம் இடுதல், வடிகால் அமைத்தல் ஆகிய செலவுகள் எப்பொருளைத் தேர்ந்தாலும் பெரிதும் மாறுவதில்லை. மொத்தச் செலவில் தடுப்புச் சுவரின் பங்கு சிறிதாயிருக்கும்போது, அதில் பாதியை மிச்சப்படுத்தினாலும் மொத்தம் அதிகம் குறையாது. சுவர் பழுதுற்றாலோ, மீண்டும் அகழும் செலவு முழுவதும் திரும்ப வரும். ஒப்பந்தப்புள்ளிகளில் மிகக் குறைந்த தொகையையே ஏற்றுப் பழகிய நம் அலுவலகங்களுக்கும் இக்கணக்கு புதிதன்று. மறக்கப்படுவது வேறு விஷயம்.

நீரே முதற்கேள்வி

இவ்வளவும் இரண்டாம் நிலைக் கேள்விகளே. சாளரக் குழி தீயினின்று தப்பும் வழி. ஆனால் இயல்பாகவே அது நீர் தேங்கும் பள்ளம். 1.2 மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், அடிமட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 1,200 கிலோகிராம் எடைக்கு நிகரான அழுத்தம் விழுகிறது. இதற்குச் சாதாரணச் சாளரக் கண்ணாடி ஈடுகொடாது. அதனால்தான், நீர் எளிதில் வடியும் மண் நீங்கலாகப் பிற இடங்களில், குழியின் வடிகாலை அடித்தள வடிகாலுடன் இணைக்குமாறு விதி பணிக்கிறது. குழியின் அடியில் சரளை நிரப்புவதும், விளிம்பைச் சுற்றுத்தரையினும் உயர்த்துவதும் வழக்கம்.

2021 செப்டம்பர் 1 அன்று ஐடா புயலின் எச்சம் நியூயார்க் நகரில் பெய்த மழையில் மாண்ட 13 பேரில் 11 பேர் நிலவறைக் குடியிருப்புகளில் இருந்தவர்கள். தெருவே ஆறாகும்போது சரளையும் குழாயும் உதவா. நீரைக் கொண்டுசெல்ல வேண்டிய நகர வடிகாலே நிரம்பிவிடுகிறது. உயரம் போதாத குழி, நீர் உள்ளே வரும் மற்றொரு வாயிலாகவும் ஆகிவிடும்.

தில்லியின் நிலைமைக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால், கரையான் மிகுந்த மண்ணில் மரம் ஏற்றதன்று. உறைபனியால் மண் விரியும் தொல்லை இல்லை என்பதால், கம்பியிட்ட கான்கிரீட் சுவரே தகுந்தது. அதன் விளிம்பு அத்தெருவில் முன்பு நின்ற வெள்ளத்தின் உச்சமட்டத்துக்கு மேல் எழ வேண்டும். அவ்வளவு உயர்த்தினால் உள்ளிருப்பவர் ஏறி வெளியேற இயலாது என்னும் தெருக்களில், எப்பொருளாலும் குழி அமைக்க இடமில்லை. அங்கு நிலவறையில் வாசிப்பு மேசைகளை இடுவதற்கு அனுமதி மறுப்பதே தணிக்கை அலுவலர் செய்யத்தக்கது.