பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டி.பி.எம் 2.0 வேண்டும், 4 ஜி.பி. ரேம் வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கக் கூடாது. பத்து வருடப் பழைய லேப்டாப் இந்தப் பரீட்சையில் தேறாது.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட லேப்டாப்களுக்குப் பஞ்சமே இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் வாங்கி வந்தவை இன்னும் பல வீடுகளில் பீரோ மேல் கிடக்கின்றன. ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. அதை ஆர்வமாகத் திறந்து பார்த்தவர்களைவிட, அழித்துவிட்டு இடத்தை மிச்சம் பிடித்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அன்று வேண்டாம் என்று தள்ளிய லினக்ஸ்தான் இன்று அந்த லேப்டாப்களுக்குக் கைகொடுக்கிறது.

லினக்ஸில் எதைப் போடுவது? ரேம் எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 4 ஜி.பி. இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். விண்டோஸ் பழகிய கைக்கு அதிகம் தடுமாற்றம் இருக்காது. 2 ஜி.பி.தான் என்றால் லுபுண்டு. 2018 முதல் எல்எக்ஸ்க்யூடி என்ற டெஸ்க்டாப்போடு வருகிறது. அதற்கும் கீழே போனால் ஆன்டிஎக்ஸ். கிரேக்கத்தில் பிறந்த இதில் ஐஸ்டபிள்யூஎம் என்ற மிக எளிய விண்டோ மேனேஜர்தான் முகப்பு. எதையும் திறக்காத நிலையில் சுமார் 200 எம்.பி. ரேமோடு நின்றுகொள்ளும். அதே நிலையில் விண்டோஸ் 10 ஒரு ஜி.பி.க்கு மேல் விழுங்கிவிடும். பார்க்க 2005-ஆம் வருட பிரவுசிங் சென்டர் மாதிரி இருக்கும், அது உங்களுக்குப் பிரச்சினை இல்லையென்றால் சரி.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு உடனே பென்டிரைவைத் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். இயங்குதளம் எவ்வளவு இளைத்தாலும் பிரவுசர் இளைப்பதில்லை. 2 ஜி.பி. லேப்டாப்பில் ஆன்டிஎக்ஸ் போட்டு மிச்சப்படுத்திய ரேமை, ஜிமெயில் ஒரு டேபிலும் யூடியூப் இன்னொரு டேபிலும் திறந்த சில நிமிடங்களில் தின்று தீர்த்துவிடும். அதன் பிறகு கணினி ஹார்ட் டிஸ்க்கை ரேம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் அம்பு திரையில் விட்டு விட்டு நகரும். லினக்ஸும் ஹேங் ஆகிறதே என்று நாம் திட்டுவது அப்போதுதான்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, இசட்ரேம். பயன்படாமல் கிடக்கும் ரேம் பகுதிகளை டிஸ்க்குக்கு அனுப்பாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் வசதி இது. 2014-ல் வந்த லினக்ஸ் 3.14 கெர்னலிலிருந்து முழுமையாக உள்ளே இருக்கிறது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் ஓடுவதும் இந்த உத்தியில்தான். இன்னொன்று, காசு செலவாகும் மருந்து: சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. போடுவது. எந்த லினக்ஸ் என்ற பட்டிமன்றத்தைவிட இது பல மடங்கு வித்தியாசம் காட்டும். பெரும்பாலான பழைய மாடல்களில் அடியில் உள்ள மூடியைத் திறந்தால் டிஸ்க் கைக்கு வந்துவிடும். ரேமும் கூட்டலாம் என்று ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் லேப்டாப் கேட்பது டிடிஆர்3-யா, டிடிஆர்3எல்-ஆ என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். 1.35 வோல்ட்டுக்கு மட்டும் செய்த லேப்டாப்பில் 1.5 வோல்ட் ரேமைச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும்.

தமிழ்த் தட்டச்சுக்குக் கவலை வேண்டாம். ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவினால் தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை, ஒலியியல் முறை எல்லாம் வந்துவிடும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பை இங்கேயும் போட்டு லிப்ரே ஆஃபீஸில் திறக்கலாம், பக்க அமைப்பு கொஞ்சம் கலையும். ஆனால் டேலி போட்டு ஜி.எஸ்.டி. கணக்கு பார்ப்பவர், பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது. சில லேசர் பிரின்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைத்தாலும் அதை வேலை செய்ய வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

2008 வாக்கில் வந்த ஆட்டம் என்270 நெட்புக் மாதிரியானவற்றின் கதை வேறு. அவை 32 பிட் மட்டுமே. கூகுள் குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ல் 32 பிட் கணினிக்கான இன்ஸ்டாலரே கிடையாது. ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. ஆன்டிஎக்ஸ் 23 அவற்றில் இன்னும் ஓடும், எழுதலாம், பாட்டுக் கேட்கலாம். நெட் பேங்கிங்குக்கு அவற்றை நம்ப வேண்டாம். 2011-க்குப் பிறகு வந்த லேப்டாப்கள் பெரும்பாலும் 64 பிட்தான் என்பதால் பள்ளி லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் அநேகமாக வராது.

டிஸ்க்கில் கைவைப்பதற்கு முன் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். வைஃபை பிடித்தும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் லினக்ஸைக் குறை சொல்வதற்கு முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்த லேப்டாப்பில் மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்து, காலண்டர் பழைய வருடத்துக்குப் போயிருக்கும். தளங்களின் சான்றிதழ்கள் அந்தத் தேதிக்குச் செல்லாது. தேதியைத் திருத்தினால் தளங்கள் திறக்கும். பேட்டரி அநேகமாக சிஆர்2032 ஆக இருக்கும், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சில மாடல்களில் அது ஒயரோடு வரும், அதற்கு மட்டும் சர்வீஸ் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.