சில்லுக்குப் பின்னால் ஒரு துண்டு இறப்பர்

சகோதரிகளே, தையல், கோழி வளர்ப்பு, வீட்டுத்தோட்டம், பனையோலை வேலை என்று நாங்கள் செய்யும் சுயதொழில்களைப் பற்றிப் பேசுவதற்கு எப்போதும் ஆட்கள் இருக்கின்றார்கள். செய்த பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வாகனத்தைப் பற்றிப் பேசத்தான் ஆள் குறைவு. அது ஆண்களின் விடயம், கராஜின் விடயம் என்று ஒதுக்கிவிடுகின்றோம். ஆனால் வாகனம் கறள் பிடித்து நின்றால் நிற்பது எங்கள் வீட்டு அடுப்பு. ஆகவே இம்முறை வாகனத்தின் மிகச் சிறிய, மிக மலிவான ஒரு பாகத்தைப் பற்றி எழுதுகின்றேன். சில்லுக்குப் பின்னால் தொங்கும் இறப்பர் மடல் அது. கராஜில் மட் பிளாப் என்பார்கள்.

நானும் என் மச்சாளும் பிள்ளைகளின் உடுப்புத் தைத்து விற்கின்றோம். எங்கள் வான் 1990களில் ஜப்பானில் செய்த ரொயோற்றா ஹயஸ். டொல்பின் என்றால்தான் எங்கள் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். 2018இல் சீட்டுக் காசும் காதில் கிடந்ததை விற்ற காசும் சேர்த்து வாங்கினோம். பின் இருக்கைகளைக் கழற்றி, பலகைக் கட்டில் ஒன்று அடித்து, அதன் கீழே உடுப்புப் பெட்டிகளையும் ஒரு சின்னக் காஸ் அடுப்பையும் வைத்திருக்கின்றோம். வற்றாப்பளைப் பொங்கல் போன்ற திருவிழாக்களுக்குப் போனால் இரவில் கதவைப் பூட்டிக்கொண்டு அதற்குள்ளேயே படுத்துவிடலாம். 2009இல் மெனிக் பாமில் தறப்பாளுக்குக் கீழே படுத்தவர்களுக்கு, உள்ளிருந்து பூட்டக்கூடிய ஒரு கதவு என்பது என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

பரந்தன் - முல்லைத்தீவு வீதிக்குத் தார் போட்டிருந்தாலும், அதிலிருந்து கிராமங்களுக்குள் இறங்கும் வீதிகள் பல இன்னும் கிரவல் வீதிகள்தான். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை பிறக்கும் வரை சேறு. சில்லு சுழலும்போது சேற்றையும் மணலையும் சிறு கற்களையும் பின்னுக்கு எறிகின்றது. டொல்பினில் முன் சில்லு சாரதி இருக்கைக்குக் கீழே இருப்பதால், இடது முன் சில்லு எறியும் சேறு நேரே இழுவைக் கதவின் படியிலும், அந்தக் கதவு ஓடும் கீழ்த் தண்டவாளத்திலும் போய் விழும். தண்டவாளத்தில் மணல் சேர்ந்தால் கதவின் உருளை தேயும், கதவு இறுகும். இறக்கி ஏற்றும் உடுப்பெல்லாம் படியில் உரசிச் சேறாகும். வெள்ளைப் பாடசாலைச் சட்டையில் செம்மண் பட்டால் அதை யார் வாங்குவார்கள்? பின் சில்லு எறிவதோ சைலன்சரிலும், அடியில் தொங்கும் உதிரிச் சில்லிலும், பின் பம்பரின் உட்பக்கத்திலும் அப்பிக்கொள்ளும். வெளியே காய்ந்தாலும் சேற்றின் உள்ளே ஈரம் நிற்கும். ஈரம் நிற்கும் இடத்தில் கறள் வரும். மாரியில் வட்டுவாகல் பாலத்தை நந்திக்கடல் தண்ணீர் மேவிய நாட்களில் அதனூடாக ஓடிய வாகனங்களுக்கு உப்பும் சேர்ந்துகொண்டது. உப்புத் தண்ணீர் பட்ட தகடு நல்ல தண்ணீர் பட்ட தகட்டைவிட வெகு விரைவில் உக்கும்.

2022இல் டீசல் இல்லாமல் வான் முற்றத்தில் நின்றபோது படியின் அடியில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினேன். சேற்றோடு பெயின்றும் செதில் செதிலாகக் கழன்று வந்தது. பழைய மடல் இருந்த இடத்தில் கறள் பிடித்த இரண்டு துளைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் பழைய வான்களின் விலை ஏறிவிட்டது. 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியபோதும் வரியோடு சேர்ந்த விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை. இது உக்கினால் எங்களுக்கு இன்னொரு வான் இல்லை.

இந்த மொடலுக்கான அசல் மடல் தங்களிடம் இல்லை, கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்று உதிரிப்பாகக் கடையில் சொன்னார்கள். அசல் தேவையே இல்லை. எந்த வாகனத்துக்கும் வெட்டிப் பொருத்தக்கூடிய சாதாரண கறுப்பு மடல்கள் சோடியாகக் கிடைக்கின்றன. பிளாஸ்ரிக்கிலும் உண்டு, இறப்பரிலும் உண்டு. கடும் பிளாஸ்ரிக் வெயிலில் காய்ந்து, பின்னுக்கு எடுக்கும்போது ஒரு கல்லில் பட்டாலே வெடித்துவிடும். இறப்பர் மடங்கி நிமிரும். கையில் பிடித்துப் பாருங்கள். துணி மாதிரித் துவண்டால் ஓட்டத்தில் காற்றுக்குப் பறக்கும், சேற்றை மறிக்காது. 3 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்பு இருந்தால் நல்லது. பெரிய எழுத்தில் பெயர் அச்சடித்த மடலுக்கு விலை கூட. எழுத்து சேற்றை மறிப்பதில்லை.

அளவுக்கு ரயரைப் பாருங்கள். ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் இலக்கங்களில் முதலாவது அதன் அகலம். எங்களுடையதில் 195 என்று இருக்கின்றது. அதாவது 195 மில்லிமீற்றர், 8 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. மடல் ரயரைவிட ஓர் அங்குலமாவது அகலமாக இருக்க வேண்டும் என்பதால் 9 அங்குலம் வைத்தோம். நீளத்தை வெறும் வானில் அளக்கக் கூடாது. உடுப்புப் பெட்டி, கட்டில், அடுப்பு எல்லாம் ஏற்றி, ஆட்களும் ஏறி, வான் பதிந்து நிற்கும்போது அளக்க வேண்டும். அப்போது மடலின் கீழ் விளிம்புக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு சாண் அளவு இடைவெளி விட்டோம். இதைவிடத் தாழ்ந்தால் கிடங்கில் இழுபட்டுக் கிழியும். முதலில் காட்போட்டில் வெட்டி வைத்துப் பாருங்கள். சட்டை வெட்டமுன் கடதாசியில் மாதிரி வெட்டுவது எங்களுக்குப் புதிதல்லவே. இறப்பரை வெட்டும்போது கத்தியைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துக்கொண்டால் சிக்காமல் ஓடும்.

துளைக்கும் மெசினை இரவல் கேட்டபோது கராஜில் வேலை செய்யும் தம்பி, "அக்கா, உது உங்களாலை ஏலுமோ?" என்றான். "தையல் மெசினைக் கழற்றிப் பூட்டுற எங்களுக்கு உது என்ன பெரிய வேலையோ தம்பி?" என்று மச்சாள் கேட்டாள். மெசினைத் தந்துவிட்டான்.

முன் மடலுக்கு வானை உயர்த்தத் தேவையில்லை. இடது சில்லுக்கு ஸ்ரியறிங்கை இடப்பக்கம் முழுதாகத் திருப்பினால் சில்லின் பின்பகுதி உள்ளே போய், வளைவின் விளிம்பு வெளியே தெரியும். வலது சில்லுக்கு வலப்பக்கம். பின் சில்லைக் கழற்றத்தான் வேண்டும். சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, அதன் பிறகே ஜக் வைக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வாகனத்துக்குக் கீழே தலையை வைக்காதீர்கள்.

பழைய துளைகள் இருந்தால் அவற்றையே பாவியுங்கள். புதிதாகத் துளைப்பதானால் தகட்டின் மறுபக்கத்தில் பிரேக் குழாயோ வயரோ ஓடுகின்றதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் துளைக்க வேண்டும். 6 மில்லிமீற்றர் போல்ட் போதும், அதற்கு 10ஆம் நம்பர் ஸ்பானர். கறளைக் கம்பித் தூரிகையால் உரசி, துளையின் ஓரத்திற்குக் கறள் தடுக்கும் பெயின்ற் பூசிக் காயவிட்டோம். பூட்டும்போது கொஞ்சம் கிறீஸ். துளைத்த இடத்தை வெறுமனே விட்டால், கறளைத் தடுக்கப் போட்ட மடலே கறளுக்கு வழி திறந்துவிடும். போல்டின் தலை ரயர்ப் பக்கம், நட் மறுபக்கம். இறப்பர் போல்டைச் சுற்றிக் கிழியாமல் இருக்கப் பெரிய வாசர் போட வேண்டும். நாங்கள் வாசருக்குப் பதிலாக ஒரு தட்டை இரும்புத் துண்டில் மூன்று துளை போட்டு மடலின் மேல் விளிம்பு முழுவதையும் அழுத்திப் பிடிக்க வைத்தோம். உள்ளே நைலோன் வளையம் உள்ள நட் அதிர்வில் கழலாது. சாதாரண நட்டைவிட விலை கொஞ்சம் கூட, ஆனாலும் அதையே வாங்குங்கள்.

பூட்டிய பின் ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி ரயர் உரசுகின்றதா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். உரசினால் மூலையைச் சாய்வாக வெட்டிவிடலாம். மடலுக்கும் தகட்டுக்கும் இடையில் பை மாதிரி இடம் விழுந்தால் சேறு அதற்குள் நிரம்பி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதைவிட மடல் இல்லாமல் இருப்பது மேல். அதனால் மடலைத் தகட்டோடு படிய இறுக்கி, மழை நாட்களில் வீடு வந்ததும் ஒரு வாளி தண்ணீரை அதன் பின்னால் அடித்துவிடுகின்றோம். இரண்டு கிழமை ஓடிய பின் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்தோம். இரண்டு சற்று இளகியிருந்தன.

வான் வைத்திருப்பவர் பலர் நினைக்காத ஒன்று, பின்னால் வருபவர்கள். எங்கள் வீதிகளில் வானுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும்தான். சில்லு எறியும் கல் ஒரு பெண்ணின் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? மடல் அதை மறிக்கும். ஆனால் கிடங்கில் நிற்கும் தண்ணீர் பக்கவாட்டில் தெறிப்பதை மடல் மறிக்காது. அதற்கு வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் போகும் பிள்ளைகளைக் கண்டால் மச்சாள் இரண்டாம் கியருக்கு இறங்கிவிடுவாள். அந்தச் சட்டைகளில் சில நாங்கள் தைத்தவை.

வெட்டி மிஞ்சிய இறப்பர்த் துண்டுகளை எறியவில்லை. தையல் மெசினின் கால்களுக்கு அடியில் வைத்தோம். சீமெந்துத் தரையில் மெசின் இப்போது நகராமல் நிற்கின்றது.