அருவிக்குப் போறீங்களா? அண்ணாந்து பாருங்க!

ராஜபாளையம் அருகே தேவதானம் சாஸ்தா கோயில் அருவிக்குப் போகிறவர்களுக்குத் துண்டும் சாப்பாட்டுத் தூக்கும்தான் நினைப்பு. அண்ணாந்து பார்ப்பவர் குறைவு.

இந்த மலைத்தொடர் சாம்பல் நிற அணிலின் தாய்வீடு. வாலோடு சேர்த்தால் இரண்டடிக்கு மேல். எடை ஒன்றரைக் கிலோ! இதற்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் வந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். புலி வந்ததும் அணில் பேச்சு அடங்கிப் போச்சு!

ஆசாமி தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளைக்குக் கிளை தாவித்தான் பிழைப்பு. நடுவிலே ஒரு மரத்தை வெட்டினால் பாதை 'கட்'. இறங்கினால் நாய் கவ்வும். அடிவாரத்து மாந்தோப்பு, புளியந்தோப்புகளிலும் இது கூடு கட்டும். அதெல்லாம் பட்டா நிலம். தோப்புக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு.

அருவியில் வெள்ளம் என்றால் வனத்துறை உள்ளே விடாது. விசாரித்துக்கொண்டு கிளம்பவும்.